எம்பார் மாமா உடுத்திக் கொடுத்த வேட்டிகள்

பிறந்த குழந்தைக்குச் சட்டை தைக்கிறவர்கள் தையலை வெளிப்பக்கமாகப் போட வேண்டும். உள்ளே இருந்தால் உறுத்தும். பொத்தான் கூடாது, நாடாதான். கழுத்தை மடித்துத் தைக்கவும் கூடாது. கத்தரித்தபடியே விட்டுவிட வேண்டும். இதையெல்லாம் நான் ஐம்பத்தெட்டு வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன். அதுவரை திருவள்ளூர் ரயில் நிலையத்தில் பார்சல் கிளார்க். கிழிந்து வரும் மூட்டைகளைக் கோணி ஊசியால் நானே உட்கார்ந்து தைத்துவிடுவேன். மூட்டை அழாது, குழந்தை அழும். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

என் பெயர் தேவராஜன். வீரராகவர் சன்னதித் தெருவில் என்னைப் பற்றி விசாரித்தால், பொய் சொல்கிற மனுஷன் என்பார்கள். சரிதான். கோயில் குளத்தில் நாமம் போட்ட மீன் ஒன்று இருக்கிறது, ஏகாதசியன்று பொரி போட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது என்று சொல்லியிருக்கிறேன். வேப்பம்பட்டில் நிற்க மறந்த பாசஞ்சர் வண்டி, வெட்கப்பட்டுக்கொண்டு பின்னாலேயே திரும்பி வந்ததை என் கண்ணால் பார்த்ததாகவும் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஒருவரும் நம்பவில்லை. நம்பும்படியாக நான் சொன்ன பொய் என் ஆயுளில் ஒன்றே ஒன்றுதான். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு மாதமாக உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

என் மனைவி போன பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அறுபத்தேழாம் வருஷம் அவளுடைய சித்தப்பா எம்பார், ஒரு தகரப் பெட்டியோடு என் வாசலில் வந்து நின்றார். காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் மாலை கட்டிக்கொண்டிருந்தவர். அவருக்கும் வேறு யாரும் இல்லை. "மாப்பிள்ளே, நாலு நாள் இருந்துட்டுப் போறேன்" என்றார். நானும் "இருங்கோ மாமா" என்றேன். பெட்டியில் நான்கு வேட்டி இருந்தது. தலையில் முடி இல்லை, வாயில் பல் இல்லை. வேறு எந்தக் குறையும் அவருக்குக் கிடையாது. காலையில் கிணற்றடியில் இருபது வாளி இழுத்துக் குளிப்பார்.

எதிர் வீட்டுக் கோதைநாயகிக்கு மூன்று குழந்தைகள் பிறந்து, மூன்றும் பத்து நாளைக்குள் போய்விட்டன. நான்காவதாக அவள் உண்டாகியிருந்தபோது ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி போடுவதில்லை. நீண்ட ஆயுசோடு இருக்கிற பெரியவர் ஒருவர் கட்டிப் பழகிய வேட்டியைக் கிழித்துத்தான் முதல் சட்டை தைப்பார்கள். அந்த ஆயுசு குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. துணியைக் கழற்றும்போது பெரியவர் உயிரோடு இருக்க வேண்டும், அது முக்கியம். காலமானவரின் துணி குழந்தையின் மேல் படவே கூடாது.

"மாமா, உங்காத்துத் தாத்தாவுக்கு என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டாள்.

எழுபத்தொன்று. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். "தொண்ணூத்தி நாலு" என்று வந்தது.

"நெஜமாவா?"

"பல்லைப் பாரேன்."

"பல்லே இல்லையே."

"அதைத்தானே சொல்றேன்."

உள்ளே பூத்தொடுத்துக்கொண்டிருந்த எம்பார் மாமாவுக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. அவள் போனதும், "மாப்பிள்ளே, எனக்கு எழுபத்தொண்ணுன்னா ஆறது?" என்றார்.

"ஒரு கொழந்தைக்காக மாமா."

"அப்போ சரி." கொஞ்சம் யோசித்தார். "தொண்ணூத்தி நாலுன்னா தடி வெச்சுக்கணுமோ?"

மறுநாளிலிருந்து தடி ஊன்றினார். கிணற்றில் இருபது வாளி இழுத்துவிட்டு, தெருவில் யாராவது வந்தால் தடியைத் தேடுவார். எனக்கு அடக்க முடியாத சிரிப்பாக இருக்கும்.

அவருடைய பழைய வேட்டி ஒன்றில் ஆறு சட்டை, இடுப்புத் துணிகள், போர்த்தும் துணி எல்லாம் தைத்துக் கொடுத்தேன். ஒரு குழந்தைக்கு ஒரு வேட்டி என்று அன்றைக்குக் கணக்கானது. முதல் சட்டையைத் தைத்தவனே தன் மடியில் குழந்தையை வைத்துப் போட்டுவிட வேண்டும் என்று ஒரு சாஸ்திரத்தையும் சேர்த்துச் சொன்னேன். அது எந்த ஏட்டில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரே ஒரு பொய் என்று மேலே எழுதினேன். இரண்டாகிறது, மன்னிக்கவும். குழந்தை இல்லாத கிழவன் மடியில் வேறு எந்தக் காரணத்துக்காக ஒரு சிசுவை வைப்பார்கள்? கோதைநாயகி வைத்தாள். ஒரு வெள்ளரிக்காய் எடை இருந்தது. என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பெண் குழந்தை பத்து நாள் தாண்டியது. பத்து மாதமும் தாண்டியது.

பிரசவம் பார்த்த நர்ஸ் மேரி ஒரு நாள் வழியில் நிறுத்தி என்னிடம் சொன்னார்: "சாமி, நீங்க சட்டை தைங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அந்தக் கொழந்த பொழச்சதுக்குக் காரணம் சட்டை இல்ல. முன்னாடி மூணுக்கும் தொப்புள் கொடியை அரிவாள்மணையில அறுத்துருக்காங்க. இந்த வாட்டி நான் பிளேடைக் கொதிக்க வெச்சேன். அவ்ளோதான்."

"ரெண்டும்தான் சிஸ்டர்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் சொன்னது உண்மை என்று எனக்கு அங்கேயே தெரியும். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

எம்பார் வேட்டி என்று பேச்சுப் பரவியது. முதலில் சன்னதித் தெரு, அப்புறம் ரயில்வே குவார்ட்டர்ஸ், அப்புறம் பொன்னேரியிலிருந்து நெல் வியாபாரிகள். மாமாவின் நான்கு வேட்டியும் ஆறு மாதத்தில் தீர்ந்துவிட்டன. மக்கள் புது வேட்டியை அவர்களே வாங்கிவந்து, "தாத்தா கட்டிப் பழசாக்கிக் கொடுக்கட்டும்" என்று வைத்துவிட்டுப் போனார்கள். புது வேட்டி பழசாக இரண்டு வருஷம் ஆகும். குழந்தைகள் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஈர வேட்டி எங்களவர்களுக்குப் புதிதில்லை; மடிக்காக நனைத்துப் பிழிந்து கட்டிக்கொள்கிறவர்கள்தானே. கிணற்று நீரில் நனைத்துப் பிழிந்து மாமாவுக்குக் கட்டிவிடுவேன். காற்று வரும் நடையில் உட்கார்ந்திருப்பார். உடம்புச் சூட்டில் அது காய்ந்ததும் மறுபடி நனைத்துக் கட்டுவது. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. பதினைந்து நாளில் வேட்டி வாழைக் குருத்துப் போல ஆகிவிடும்.

கல்லில் அடித்து வெயிலில் உலர்த்தியும் பார்த்தேன். அதுவும் நன்றாகவே இளகியது. ஆனால் அவர் உடம்பில் படாத துணியை எம்பார் வேட்டி என்று கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அது ஏமாற்று வேலை ஆகிவிடும்.

முதல் இரண்டு வருஷம் அவருக்கே அதில் ஒரு பெருமை. பெண்கள் வந்து சேவித்துவிட்டுப் போவார்கள். "எத்தனை வயசு தாத்தா?" என்று கேட்டால் என்னைப் பார்ப்பார்; நான் சொல்வேன். நான்கு ஆண்டுகளில் அவருக்கு எட்டு வயது கூடியது. ஒரு நாள் கோயிலில் காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர், "அடேய் எம்பார், நாம ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுன்னா?" என்று கட்டிக்கொண்டார். நல்ல வேளை, பக்கத்தில் யாரும் இல்லை. அன்றிலிருந்து மாமாவைக் கோயிலுக்கு அனுப்பவில்லை. நான் வெளியே போகும்போது வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு போனேன். கேட்டவர்களிடம், வயசானவர், வழி தவறிவிடுவார் என்றேன். மாமா கோபித்துக்கொள்ளவில்லை. நாளடைவில் தடி இல்லாமல் அவருக்கு உண்மையாகவே நடக்க முடியவில்லை.

எங்களுக்குக் கீரை கொண்டுவருகிறவள் செல்லியம்மாள். வாயை அடக்கத் தெரியாதவள். ஒரு நாள் கூடையை இறக்கிவிட்டு நடையில் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சாமி இது, கெய்வரு ஈரத் துணியோட வெடவெடன்னு நடுங்கிக்கினு கீறாரு?"

"மடிம்மா. உனக்குத் தெரியாது."

"இன்னா மடியோ போ. மழை பேஞ்சா எங்க ஊட்டு ஆட்டுக்குக்கூட சாக்கு போத்துவோம்."

"ஆட்டுக்கு ஆசாரம் கிடையாதே" என்றேன். அவளே சிரித்துவிட்டாள். சிரிக்க வைத்துவிட்டால் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். இது எனக்கு வெகு நாளாகத் தெரிந்த விஷயம்.

எழுபத்திரண்டாம் வருஷம் கார்த்திகையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து சேகர் என்று ஒரு இளைஞர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அந்தப் பக்கம் புதிதாக வந்த இரும்புக் கம்பி ஆலை ஒன்றில் ஃபோர்மேன். முழங்கைவரை நெருப்புப் பொறி பட்ட தழும்புகள்.

"சார், நான் இதெல்லாம் நம்பறவன் கெடயாது. ஊட்லதான் ஒரே அழுகை. மொதல் கொழந்த தங்கல. இப்ப டாக்டரு ரெட்டைன்றாரு. பேஜாரா கீது சார்."

"எப்போ?"

"தை பாதியிலன்னு சொல்லிகிறாரு."

இரண்டு புது வேட்டியை என் கையில் வைத்தார். அவருக்கு முன்னால் ஒன்பது வேட்டிகள் அடுக்கில் இருந்தன. முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இரட்டை. என் மடியில் இரண்டு துடைக்கும் ஒவ்வொன்று. "தை பொறந்ததும் வாங்கோ" என்றேன்.

அந்த மார்கழி கொஞ்சம் கடுமையாக இருந்தது. கிணற்று நீரிலிருந்து விடியற்காலையில் ஆவி எழும். நான் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைகளுக்குக் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டிருப்பேன். நர்ஸ் மேரிதான் பின்னக் கற்றுக்கொடுத்திருந்தார். ஊசிக்குப் பதிலாக உடைந்த குடையிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்துத் தேய்த்து வைத்திருந்தேன். மாமா அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"மாப்பிள்ளே, அதுல பெரிசா ஒண்ணு எனக்கும் போட்டுத் தாயேன். மண்டை ஜில்லுங்கறது."

"ஆகட்டும் மாமா" என்றேன்.

அந்த மாதம் பதினோரு தொப்பி பின்னினேன். எல்லாம் ஆரஞ்சுப் பழ அளவு.

மார்கழி நடுவில் இருமல் வந்தது. செல்லியம்மாள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், நர்ஸ் மேரி தானாகவே வந்தார். மாமாவின் முதுகில் காதை வைத்துக் கேட்டார்.

"மார்ல சளி கட்டியிருக்கு சாமி. இந்த வயசுல இது லேசுப்பட்டது இல்ல. ஈரமே ஆவாது, புரியுதா? சூடா கஞ்சி குடுங்க, நல்லாப் போத்தி வைங்க."

"கவனிச்சுக்கறேன் சிஸ்டர்."

"நூறு வயசுக்காரரு. பத்திரம்."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எழுபத்தைந்துதான், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் பிழைத்துக்கொள்கிற உடம்பு என்று சொல்லியிருந்தால் அவர் விட்டிருக்க மாட்டார். நூறு வயது என்றதால் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனார். மாத்திரையை நான் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. அதைக் குறிப்பிட விரும்புகிறேன்.

அடுக்கிலிருந்த ஒன்பதும் சேகரின் முதல் வேட்டியும் அதற்குள் முடிந்திருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டிவிட்டிருந்தேன். பாக்கி ஒன்றுதான். அதற்கும் நான்கே நாள்தான் ஆகியிருந்தது, இன்னும் மொரமொரப்பு போகவில்லை. ஒரு குழந்தைக்கு ஆயுசைக் கொடுத்துவிட்டு இன்னொன்றுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? சட்டையில் ஆயுசு இல்லை என்று தெரிந்தவன்தான் நான். இருந்தாலும் அப்படித்தான் யோசித்தேன்.

நனைத்து எடுத்துக்கொண்டு போனேன். மாமா படுத்திருந்தார்.

"இன்னும் எத்தனை மாப்பிள்ளே?"

"இது ஒண்ணுதான் மாமா."

"கொழந்தைக்கா?"

"ரெட்டையில ரெண்டாவதுக்கு."

"அப்போ கட்டு" என்றார். எழுந்து நிற்க முடியவில்லை. படுத்தபடியே இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார்.

அப்படிப் பத்து நாள் போயிற்று. போகியன்று காலை தெருவெல்லாம் பழம்பாய் எரித்த புகை. பத்து மணி இருக்கும். கஞ்சி கொண்டுபோனேன். மாமாவின் மூச்சு மாறியிருந்தது. இழுப்பதும், நிற்பதும், மறுபடி இழுப்பதுமாக. என் மனைவிக்கும் கடைசியில் அப்படித்தான் இருந்தது. அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி என்று எனக்குத் தெரியும்.

அவர் இடுப்பில் ஈர வேட்டி இருந்தது. நன்றாக இளகிவிட்டிருந்தது.

என் மனதில் அப்போது என்ன ஓடியது என்பதை உள்ளபடி எழுதுகிறேன். நர்ஸ் மேரி வீடு அடுத்த தெருவில். ஓடினால் ஐந்து நிமிஷம். அது ஞாபகம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன், வந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று வந்தது. இந்த வேட்டியோடு அவர் போய்விட்டால் இது காலமானவரின் துணி. குழந்தைக்கு ஆகாது.

முடிச்சை அவிழ்த்தேன். மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வேட்டியின் ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டார். பிடி பலமாகவே இருந்தது, நான் எதிர்பார்க்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. "மாப்பிள்ளே, குளிர்றது" என்றார். "இதோ மாமா" என்றேன்.

கிணற்றடிக் கொடியில் வேட்டியை விரித்தேன். போர்த்துவதற்கு எடுத்த கம்பளி என் தோளிலேயே இருந்தது. வேட்டியில் ஒரு மூலை மடங்கியிருந்தது, அதை இழுத்துவிட்டேன். காற்றில் பறக்காமல் இருக்க இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டேன். திரும்பிப் போனபோது கம்பளிக்கு வேலை இல்லை.

காய்ந்த புது வேட்டி ஒன்றை உடுத்தி, திருமண் இட்டு, அப்புறம்தான் வெளியே போய்ச் சொன்னேன். தெருவே திரண்டது. "நூத்திரெண்டு வயசு, கொடுத்து வெச்சவர்" என்றார்கள். கோதைநாயகி தன் பெண்ணைத் தூக்கிவந்து அவர் காலில் தலையை வைக்கச் சொன்னாள். பேரன் பேத்தி எடுத்தவர்களுக்குக்கூட இத்தனை குழந்தைகள் வந்து நின்றதில்லை. ஒருவரும் அழவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

நர்ஸ் மேரியும் வந்தார். மாமாவின் கையைத் தொட்டுப் பார்த்தார், துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஈரத் துணியை மாத்திட்டீங்களா சாமி?"

"மாத்திட்டேன் சிஸ்டர்."

"எப்போ?"

"உசிரு இருக்கும்போதே."

"நல்லது செஞ்சீங்க" என்று சொல்லி என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கம்பளி அப்போதும் என் தோளில்தான் இருந்தது. ஏழு வருஷமாகிறது. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் அவர் தட்டிய இடம் கீழே வருகிறது.

தை பதினைந்தில் சேகருக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். மறுநாளே சட்டைகளைக் கொண்டுபோனேன். நம்பாத மனிதர்தான், ஆனாலும் ஒரு துடையில் ஒன்று, இன்னொன்றில் மற்றது என்று அவரே என் மடியில் வைத்தார். இரண்டுக்கும் நாடா கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு நான் ஊசியைத் தொடவில்லை. கேட்டு வருகிறவர்களிடம் கண் தெரியவில்லை என்கிறேன். கண் நன்றாகத்தான் தெரிகிறது.

இப்போது எனக்கு எழுபத்தொன்று. கோதைநாயகி வாசலுக்கு வந்து நின்றபோது மாமாவுக்கு இருந்த வயது. இந்த வயதில் உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கும் என்பது இப்போது தெரிகிறது. அவருடைய தகப்பனார் தொண்ணூற்று மூன்று வரை இருந்தாராம், ஒரு தடவை அவரே சொல்லியிருக்கிறார். மாமாவை நோய் கொண்டுபோகவில்லை, வயதும் கொண்டுபோகவில்லை. மூன்று வருஷத்துக்கு மேலாகக் கிணற்று நீரில் நனைத்து நனைத்து நான்தான் அனுப்பினேன். அவர் வயதைப் பற்றி ஊரிடம் சொன்னது பொய். அவர் எப்படிப் போனார் என்று மேரியிடம் சொன்னதும் பொய். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்; என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றை மட்டும் யாரும் என் மேல் சொல்ல முடியாது. காலமானவரின் துணியை நான் எந்தக் குழந்தைக்கும் போட்டதில்லை. அந்த விஷயத்தில் மட்டும் நான் கடைசி நிமிஷம்வரை கவனமாக இருந்தேன்.